ஒன்றாம் குடுவை

முதலில் பிசகியது எந்த நாள் என்பதில் அவளுக்கு இன்றும் நிச்சயமில்லை. பதிவேட்டில் அவள் கையெழுத்திலேயே வியாழக்கிழமை என்றிருக்கிறது. நினைவிலோ அது புதன். உலைகள் அணைந்த மறுநாள். அந்த முதல் நாளின் அமைதி காதுக்குள் பஞ்சு வைத்து அடைத்தது போல் இருந்தது என்பது மட்டும் தெளிவாக நினைவிருக்கிறது. எழுதிவைத்ததுதான் நடந்தது, நினைவு சும்மா கதை சொல்லும் என்று பதினெட்டு வருடங்களாக அவள் நம்பியிருந்தாள். ஆனால் எழுதிவைத்ததே தவறாக இருக்கக்கூடும் என்பதை அந்த மின்நிலையத்தில் அவளைவிட நன்றாக அறிந்தவர்கள் யாரும் இல்லை.

அது ஆண்டுப் பராமரிப்புக் காலம். பதினொரு நாள்களுக்கு நிலக்கரி எரியாது. ஆய்வுக்கூடத்தில் மற்ற எல்லோரும் விடுப்பில் போயிருந்தார்கள். வேலை செய்யும் நாள்களில் அந்தக் கட்டடத்தில் ஓர் அதிர்வு இருந்துகொண்டே இருக்கும். மேசைமேல் வைத்த தண்ணீர் டம்ளரில் எப்போதும் வட்டம் வட்டமாக மெல்லிய அலை ஓடும், ஜன்னல் கண்ணாடிகள் பல்லைக் கடிப்பது போல் சன்னமாகக் கிறீச்சிடும், நாற்காலியின் கால் வழியே அது முதுகெலும்பில் ஏறி வீடு வரைக்கும் கூடவே வரும். இப்போது டம்ளரில் தண்ணீர் கண்ணாடி போல் நின்றது. குழாயின் வாயில் ஒரு சொட்டு சேர்ந்து, கனத்து, விழுகிற வரைக்கும் அவளால் கேட்க முடிந்தது.

அந்த அமைதியில்தான் திரையில் எண்கள் வந்தன. ஒன்றாம் குடுவையில் ஆர்சனிக் இருந்தது. ஈயமும் காட்மியமும் இருந்தன.

ஒன்றாம் குடுவையில் எதுவுமே இருக்கக் கூடாது.

அவளுடைய வேலை இதுதான். நிலக்கரி எரிந்த பிறகு மிஞ்சுவது மாவு போன்ற சாம்பல். பூமிக்குள் நிலக்கரியோடு கலந்து கிடந்த உலோகங்கள் எரிவதில்லை, அவை சாம்பலில் தங்கிவிடும். எவ்வளவு தங்கியிருக்கிறது என்று அவள் சொன்ன பிறகுதான் அந்தச் சாம்பலைக் கல்லாக அறுத்து வீடு கட்டலாம். கால் கிராம் சாம்பலைத் தராசில் நிறுத்து, வெள்ளைக் குடுவையில் போட்டு, அமிலம் ஊற்றி, இறுக்கி மூடி, அடுப்பில் வைப்பாள். வெளியே எடுக்கும்போது சாம்பல் கரைந்து தெளிந்த நீராகியிருக்கும். அந்த நீரைக் கருவி தன் சுடருக்குள் உறிஞ்சி, எந்த உலோகம் எவ்வளவு என்று எண்ணிச் சொல்லிவிடும்.

ஒரு வரிசையில் பத்துக் குடுவைகள். இரண்டு முதல் பத்து வரை சாம்பல். ஒன்றாம் குடுவையில் அமிலம் மட்டும், அதற்குப் பிளாங்க் என்று பெயர். அமிலத்தில் இருக்கும் அழுக்கு, காற்றில் வந்து விழும் தூசி, குடுவைச் சுவரில் ஒட்டிய பழைய மிச்சம் எல்லாம் அதில் தெரிந்துவிடும். ஒன்றாம் குடுவையில் எது வந்தாலும் கருவி அதை மற்ற ஒன்பதிலிருந்தும் கழித்துவிடும். கழித்தபின் மிஞ்சுவதே சாம்பலின் கணக்கு.

ஒன்றரை வருடத்துக்கு முன்பு ஒரு மாலையில், தலைவலியோடு, பேச ஆளில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தபோது, அவள் ஒன்றாம் குடுவையிலும் சாம்பலைப் போட்டுவிட்டாள்.

அவ்வளவுதான். சாம்பலிலிருந்து சாம்பலைக் கருவி கழித்தது. ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை. பிரிவு அதிகாரி தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "என் சர்வீஸ்ல இப்படி ஒரு சாம்பலைப் பார்த்ததில்லம்மா. குழந்தைக்குப் பவுடராவே போடலாம் போல" என்றார். அவள் கையெழுத்துப் போட்டாள். எட்டு நாள் கழித்து, நிறுத்த எடைகளைக் குறிக்கும் நோட்டைத் தற்செயலாகப் புரட்டியபோது, ஒன்றாம் எண்ணுக்கு எதிரே 0.2500 என்று தன் கையாலேயே எழுதியிருந்ததைப் பார்த்தாள். அதற்குள் கல் அறுக்கத் தொடங்கிவிட்டார்கள். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று இருந்தாள். கல் காய்ந்தது. சுவர் எழுந்தது. நிலையத்துக்குப் பின்னால் நாற்பது வீடுகள் வந்துவிட்டன.

அதில் பதினேழாம் எண் வீடு அவள் தங்கைக்கு ஒதுக்கப்பட்டது. தங்கையின் கணவன் டர்பைன் பிரிவில் வேலை பார்க்கிறான். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. அம்மா போன பிறகு தங்கையை வளர்த்து ஆளாக்கியவள் இவள்தான். வேறு யாரும் இல்லை இவளுக்கு. குடிபோகிற அன்று தங்கை கேட்டாள்: "அக்கா, இது என்னவோ சாம்பல் கல்லுங்கறாங்களே, ஒண்ணும் ஆகாதுல்ல?"

"நான் கையெழுத்துப் போட்ட கல்லு" என்றாள் இவள்.

அதற்குப் பிறகு மூன்று மாதமாக அவள் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை.

ஒவ்வொரு சாம்பலிலும் ஒரு சீசா எடுத்து முத்திரை வைத்து இரண்டு வருடம் பாதுகாப்பார்கள். பராமரிப்பு நாள்களில் யாரும் இல்லாதபோது அந்தச் சீசாவை எடுத்து மறுபடி சோதித்துவிடுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள். அளவு குறைவாக வந்தால் இனி நிம்மதியாகத் தூங்கலாம். கூடுதலாக வந்தால் சொல்லிவிட வேண்டும், வேலை போனாலும். இந்த முறை ஒன்றாம் குடுவையில் அமிலம் மட்டுமே ஊற்றினாள். ஊற்றியதை இரண்டு முறை சரிபார்த்தாள். சத்தமாக வாய்விட்டுக்கூடச் சொன்னாள், "ஒண்ணுல ஒண்ணும் இல்ல" என்று.

இருந்தும் எண்கள் வந்தன. குடுவையில் பழைய மிச்சம் ஒட்டியிருக்கும் என்று நினைத்தாள். புதுக் குடுவையை உறை பிரித்து எடுத்து அமிலத்தில் ஊறப்போட்டாள். அமிலமும் புது சீசா.

அன்று மாலை தங்கை போன் செய்தாள்.

"அக்கா, உயிரோட இருக்கியா?"

"இருக்கேன். வேலை."

"பிளான்ட்டையே அணைச்சுட்டாங்க. உனக்கு மட்டும் என்ன வேலை? சாம்பலுக்குக் காவலா?"

"சொல்லு, என்ன விஷயம்?"

"நல்ல விஷயம்தான். நான் ஆறு கிலோ குறைஞ்சுட்டேன்."

"சாப்பிடறியா இல்லையா நீ?"

"மூணு வேளையும் சாப்பிடறேன், நடுவுல இன்னும் ரெண்டு வேளை. இவரு சொல்றாரு, உலகத்துலயே உன்கிட்டப் பொய் சொல்லி உன்னைச் சந்தோஷப்படுத்தற ஒரே ஜீவன் அந்த எடை மெஷின்தான்னு."

"துணியெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சா?"

மறுமுனையில் தங்கை கொஞ்சம் யோசித்தாள். "அதுதான் வேடிக்கை. எல்லாம் அதே அளவுதான்." பிறகு சிரித்தாள். "இவளும் அப்படித்தான். இடுப்புல இருக்காளா இல்லையான்னே தெரியல, கீழே விட்டுட்டேனோன்னு நாலு தடவை பார்த்துக்க வேண்டியிருக்கு. இந்த ஞாயித்துக்கிழமையாவது வருவியா?"

"பார்க்கறேன்."

"நீ பார்க்கறேன்னா வரமாட்டேன்னு அர்த்தம்."

போனை வைத்த பிறகு ஆய்வுக்கூடம் முன்பைவிட அமைதியாகிவிட்டது. அமிலத்தின் வாடை தொண்டையில் ஈயக்காசு வைத்தது போல் கசந்தது. தாழ்வாரத்தில் யாரோ நின்றுவிட்டுப் போனது போல் தோன்றியதும் எழுந்துபோய்ப் பார்த்தாள். யாரும் இல்லை. தரைமேல் மாலை வெளிச்சம் பழுப்பாகக் கிடந்தது. இருபது கதவுகளும் பூட்டியிருந்தன.

மறுநாள் புதுக் குடுவைகளோடு தொடங்கினாள். இந்த முறை எதையும் கழிக்காமல் உள்ளது உள்ளபடி காட்டும்படி கருவியை மாற்றிவைத்தாள். சுடர் எரிகிற இடத்தில் சின்னஞ்சிறு ஜன்னல் உண்டு. அதன் வழியாக நீலமும் பச்சையும் கலந்த நாக்கு அசையாமல் நிற்பதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாம் குடுவை. பூஜ்யம். மூன்று. பூஜ்யம். ஆர்சனிக் இல்லை, ஈயம் இல்லை. அதுகூடப் பரவாயில்லை. சாம்பல் என்றால் பெரும்பகுதி மணலின் சத்தும் அலுமினியமும்தான், அவையும் இல்லை. கால் கிராம் சாம்பலைத் தன் கண்ணால் பார்த்துப் போட்டிருக்கிறாள். சாம்பலில் சாம்பலே இல்லை என்றது கருவி.

ஒன்றாம் குடுவையின் வரிசை மட்டும் நிரம்பிக்கொண்டே போனது. அவள் கேட்காதவற்றையெல்லாம் அது சொன்னது. சுண்ணாம்புச் சத்து நிறைய. அதில் பாதியளவு பாஸ்பரஸ். பொட்டாசியம், உப்பின் சோடியம், மக்னீசியம். கொஞ்சம் இரும்பு. அதைவிடக் குறைவாகத் துத்தநாகம்.

அவள் அந்த விகிதத்தை எங்கோ பார்த்திருந்தாள். எங்கே என்று தேடவேண்டிய தேவை இருக்கவில்லை. கல்லூரியில் மனப்பாடம் செய்த பட்டியல் அது. தண்ணீரை நீக்கிவிட்டால் ஒரு மனித உடலில் எஞ்சுகிறவற்றின் பட்டியல்.

பட்டியலின் கடைசியில், அங்கே இருக்கக் கூடாத அளவில், ஆர்சனிக்.

பகல் பதினொரு மணி. வெளியே வெயில். போன் அடித்ததும் நாற்காலி பின்னால் சாயும் அளவுக்கு அவள் துள்ளினாள்.

பிரிவு அதிகாரிதான். எல்லோரும் அவரை முதுகுக்குப் பின்னால் தசமம் என்று கூப்பிடுவார்கள். தசமப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் இல்லாத எண்ணை அவர் ஏற்க மாட்டார். எத்தனை குழந்தைகள் என்று ஒருமுறை யாரோ கேட்டதற்கு, இரண்டு புள்ளி பூஜ்யம் பூஜ்யம் என்று அவரே சொன்னதாகக் கதை.

"என்னம்மா, லீவுலயும் லேப்ல இருக்கியாம். கேட்ல சொன்னாங்க. நல்ல பேரு வாங்கி என்ன பண்ணப் போறே?"

"சார், ஒரு பழைய சாம்பலை மறுபடி பார்த்தேன்."

"எதுக்கு?"

இப்போது சொல்லிவிடலாம். சொல் நாக்கில் இருந்தது. "பிளாங்க் சரியா வரல சார்" என்று மட்டும் சொன்னாள்.

"வராட்டி என்ன? கழிச்சுடு. எது வந்தாலும் கழிச்சுட வேண்டியதுதான், அதுக்குத்தானே அது."

"சார், நம்மகிட்ட ஏதாவது தப்பு நடந்திருந்தா..."

"வீட்டுக்குப் போம்மா. தனியா இருந்தா ஆசிட் கூடப் பேச ஆரம்பிச்சுடும்." சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. ஒற்றை அறை வீடு அது. அங்கேயும் இதே அமைதிதான் இருக்கும். தப்பு எங்கே தொடங்கியதோ அங்கேதான் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. தராசில்.

தராசு தனி அறையில் இருந்தது. கல் மேடை, ஜன்னல் கிடையாது, காற்று அசையாமலிருக்க இரட்டைக் கதவு. நான்கு பக்கமும் கண்ணாடி வைத்த சின்னக் கூண்டுக்குள் ஒரு ரூபாய் வட்டத்தைவிடச் சற்றுப் பெரிய தட்டு. தலைமுடி ஒன்றைப் போட்டாலும் எடை சொல்லும். அவள் முதலில் நூறு கிராம் எடைக்கல்லை இடுக்கியால் எடுத்து வைத்தாள். 100.0000. தராசில் கோளாறு இல்லை.

கல்லை எடுத்தாள். காகிதத் துண்டை வைத்து அதன் எடையைப் பூஜ்யமாக்கினாள். அதன்மேல் சிறு கரண்டியால் சாம்பலைக் கொட்டினாள். சாம்பல் ஒரு குட்டிக் குன்று போல் குவிந்தது. 0.0000. இன்னொரு கரண்டி. காகிதம் மூடிவிட்டது, ஓரத்தில் வழிந்தது. 0.0000. அவள் குனிந்து பார்த்தாள். சாம்பல் இருந்தது. கண் எதிரே இருந்தது. அதற்கு எடை மட்டும் இல்லை.

காகிதத்தை எடுத்துவிட்டுத் தட்டைத் துடைத்தாள். கூண்டின் கதவைச் சாத்தி, பூஜ்யத்துக்குத் திருப்பிவைத்தாள். வெறும் தட்டு.

கடைசி இலக்கம் அசைந்தது. ஒன்று. மூன்று. எட்டு. மூச்சுக் காற்றாக இருக்கும் என்று இரண்டடி பின்னால் தள்ளி நின்றாள். எண் நிற்கவில்லை. மெதுவாக ஏறியது, யாரோ கரண்டியால் பார்த்துப் பார்த்துக் கொட்டுவது போல, அவளே கொட்டுவது போல. 0.2500. அங்கே நின்றது.

அவள் மனதுக்குள் எண்ணினாள். பத்து வரை. இருபது வரை.

மறுபடி ஏறியது. இப்போது கரண்டியின் நிதானம் இல்லை. மூன்று கிராம். பதினொன்று. நாற்பது. தட்டு இறங்குவதை அவளால் கண்ணால் பார்க்க முடிந்தது. நூற்று எண்பது. இருநூறு. அதற்கு மேல் அந்தத் தராசுக்குச் சொல்லத் தெரியாது. எண்கள் மறைந்து வெறும் கோடுகள் தோன்றின. தட்டு அடியில் போய் முட்டியது. டக்.

பிறகு கண்ணாடியில் ஆவி படிந்தது.

உட்புறம்.

கட்டைவிரல் அளவு ஒரு வட்டம். படிந்தது, மறைந்தது. மறுபடி படிந்தது. தூங்குகிற சின்னக் குழந்தையின் மூச்சுக்கு அந்த வேகம் உண்டு. அவளுக்கு அது தெரியும். தங்கையை நெஞ்சில் போட்டு வளர்த்தவள்.

பக்கத்தில் இன்னொரு வட்டம். இது பெரியது, நிதானமானது.

அதற்கும் மேலே ஒன்று. எதிர்ப்பக்கக் கண்ணாடியில் ஒன்று. மூன்று. ஏழு. எண்ண முடியவில்லை. கூண்டு முழுக்க வெளுத்தது. தெளிந்தது. வெளுத்தது.

அவள் ஓடினாள்.

ஓடியபடியே தங்கைக்குப் போன் செய்தாள். அடித்துக்கொண்டே இருந்தது, தங்கை எடுக்கவில்லை. வாயிலில் காவலர், "என்னங்க, பேயைப் பார்த்த மாதிரி?" என்றார். அவள் நிற்கவில்லை. நிலையத்தைச் சுற்றிப் பின்பக்கம் போக அரை மணி நேரம். வழியில் நிலையத்தின் சாம்பலைக் கொட்டிவைக்கும் குட்டை. எப்போதும் அதன்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். பராமரிப்பு நாள்களில் அதுவும் நின்றுபோய், குட்டை மேலேயெல்லாம் வெடித்துக் காய்ந்து கிடந்தது. காற்று அதைத் தூக்கிக்கொண்டு வந்து தெருவெங்கும் சல்லடையில் சலித்தது போல் தூவியிருந்தது. பட்டப்பகலில் சூரியன் தேய்ந்த தட்டு போலத் தெரிந்தான்.

பூச்சு பூசாத சாம்பல் நிறச் சுவர்கள், எதிரெதிரே இருபது இருபதாக. பதினேழாம் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அடடே, யாரு இது?" தங்கை கதவைத் திறந்தாள். முகம் மலர்ந்திருந்தது. கன்னம் அதே கன்னம். தோள் அதே தோள். இளைத்ததற்கான அடையாளமே இல்லை. "போன் உள்ளே இருந்தது, அக்கா. மாடியில துணி காயப்போட்டுட்டு இருந்தேன்."

"பெரிம்மா" என்று குழந்தை ஓடிவந்து கைகளை உயர்த்தியது.

குனிந்து தூக்கினாள். மூன்று வயதுக் குழந்தையைத் தூக்கக் கைகள் தாமாகவே ஒரு வலுவைச் சேர்த்துக்கொள்ளும். அந்த வலுவுக்கு எதிரே எதுவும் இல்லாமல் போகவே குழந்தை விருட்டென்று மேலே போயிற்று. நிலைப்படியின் மேல்கட்டையில் தலை இடிக்கவிருந்தது. பதறி இழுத்துக்கொண்டாள். குழந்தையின் உடம்பு சூடாக இருந்தது. பால் வாடை அடித்தது. கழுத்தைக் கட்டிக்கொண்ட கைகளின் பிடி இறுக்கமாக இருந்தது, நெஞ்சுக்கு எதிரே சின்ன நெஞ்சு அடித்துக்கொண்டது. எல்லாம் இருந்தன. கைகள் எதையும் சுமக்கவில்லை.

"இன்னொரு தடவை" என்றது குழந்தை சிரித்துக்கொண்டே.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். தலைவலி இருந்த மாலையை, ஒன்றாம் குடுவையை, நோட்டை, எட்டு நாளை, ஒன்றரை வருடத்தை. தங்கை எதிரே நின்றபடி கேட்டாள். மாடிக்குப் போகும் படிக்கட்டில் காற்று வந்து போகிற சத்தம் கேட்டது.

"அப்போ நீ வராம இருந்தது அதனாலயா?"

"ஆமா."

"நான் என்னவோ எங்க மேல ஏதோ கோபம்னு நினைச்சுட்டு இருந்தேன். இவரு ஏதாவது சொல்லிட்டாரான்னு சண்டைகூடப் போட்டேன்."

"கிளம்பு. என் ரூமுக்குப் போயிடலாம். இப்பவே."

"அக்கா, எனக்கு ஒண்ணும் பண்ணல. இவளுக்கும் ஒண்ணும் பண்ணல."

"கிளம்புடி."

அக்கா அந்தக் குரலில் பேசினால் தங்கை மறுப்பதில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். தெருவில் ஐந்தாறு பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டிப் போகும்போது ஏதோ ஒன்று கண்ணில் உறுத்தியது. கூச்சலும் சிரிப்பும் இருக்க, ஓடுகிற காலடிச் சத்தம் மட்டும் இல்லை. அவள் குனிந்து பார்த்தாள். தெரு முழுக்க விரலளவு சாம்பல், கழுவிவைத்த பலகை போல் வழவழவென்று. அதில் ஒரே ஒரு வரிசை காலடித் தடம்.

அவளுடையது.

"சீக்கிரம் வா" என்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசி வீடு. அதோடு சுவர்கள் முடிகின்றன. அதற்கப்பால் குட்டை வரைக்கும் வெட்டவெளி. வெட்டவெளியில் காற்று.

நாலடி வைத்திருப்பார்கள். தங்கை, "அக்கா" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். "அக்கா, கொஞ்சம் பிடிச்சுக்கோயேன்."

கையைப் பின்னால் நீட்டினாள். தங்கையின் விரல்கள் வந்து மணிக்கட்டைப் பற்றின. அவை கீழிருந்து வரவில்லை. பக்கத்திலிருந்தும் இல்லை.

மேலிருந்து.

நிமிர்ந்தாள். தங்கையின் கூந்தல் அவிழ்ந்து ஒரே பக்கமாகப் பறந்தது. அவள் முகத்தில் பயத்தைவிட வெட்கம்தான் அதிகம், நாலு பேர் நடுவில் தடுக்கி விழுந்தவளைப் போல. குழந்தை அவள் கழுத்தில் தொங்கியபடி கீழே பார்த்துச் சிரித்தது. ஒரு செருப்பு கழன்று சாம்பலில் விழுந்தது. பூ விழுவது போல். தடமில்லாமல்.

இரண்டு கையாலும் பிடித்தாள். இழுத்தாள். பட்டத்தை இறக்குவது போல் கொஞ்சம் கொஞ்சமாக. சுவர்களுக்கு நடுவே. வாசலுக்குள்ளே. கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள். முதுகால் அழுத்தி நின்றாள்.

இரு பக்கத்து வீடுகளிலும், எதிர் வரிசையிலும், ஒன்றன்பின் ஒன்றாகத் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்திருந்தது. யாரும் யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நடந்ததை மறுநாளே அவள் எழுதிக் கொடுத்தாள். இரண்டு மாதம் கழித்து ஒரு குழு வந்தது. ஆறு வீட்டுச் சுவர்களிலிருந்து கல்லைச் சுரண்டி, வெளியே இரண்டு ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பினார்கள். இரண்டிலிருந்தும் ஒரே பதில்: கண்டறியும் அளவுக்கு எதுவும் இல்லை. அவள் கடிதத்தை வேலைப்பளுவின் கணக்கில் வைத்து, அவளை ஆய்வுக்கூடத்திலிருந்து பண்டகசாலைக்கு மாற்றினார்கள். பிரிவு அதிகாரி அந்த வருடக் கடைசியில் ஓய்வு பெற்றார். மருத்துவர்கள் வந்து நாடி, இரத்தம், வளர்த்தி எல்லாம் பார்த்து, குறை ஒன்றும் இல்லை என்றார்கள். எடைக் கட்டத்தை மட்டும் நிரப்பாமல் விட்டார்கள். காற்று பலமாக இருந்த ஒரு நாள் தங்கையின் கணவன் மாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனான். நான்கு நாள் தேடினார்கள். குட்டையைக்கூடத் தோண்டிப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை.

தங்கையும் குழந்தையும் பதினேழாம் எண்ணில்தான் இருக்கிறார்கள். அவர்களோடு வந்து தங்கிவிடுவதாக இவள் சொன்னபோது தங்கை ஒப்புக்கொள்ளவில்லை. "இங்க ஒரு ராத்திரிகூடத் தூங்காதே. ஒருத்தராவது தரையில இருக்கணும், அக்கா" என்றாள். அதனால் அவள் ஒற்றை அறைக்கே திரும்பினாள்.

பள்ளிக்கூடம் வெட்டவெளிக்கு அப்பால் இருக்கிறது. தினமும் காலையில் அவள் அந்த நாற்பது வீட்டுத் தெருவுக்கு வருகிறாள். முப்பத்தொரு பிள்ளைகளை இடுப்பில் முடிச்சுப் போட்டு ஒரே கயிற்றில் வரிசையாகக் கோத்து, நுனியைத் தன் தோளில் சுற்றிக்கொண்டு, தலையைக் குனிந்து நடக்கிறாள். கடைசி வீட்டைத் தாண்டியதும் தோளில் கயிறு மேல்நோக்கி விறைக்கிறது. அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. தலைக்கு வெகு உயரத்தில் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டு வருவது கேட்கிறது.